சுவருக்குள் இருந்த பிள்ளையார்

அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் உள்ள தெரு, தானப்பத்திரம் எழுதி நகராட்சியிடம் ஒப்படைத்த நாளிலிருந்து பொதுத் தெரு. அதன் குறுக்கே யாரும் எதுவும் கட்டக் கூடாது. விதி அவ்வளவுதான். கிழக்குத் தாம்பரத்தில் ஓய்வுக்குப் பின் நான் வீடு வாங்கிய தெருவின் கோடியில் ஆறடிச் சுவர் நின்றது. குடியிருப்போர் சங்கம் கட்டியது. சங்கத்தில் விதி தெரிந்தவர்களும் இருந்திருக்க வேண்டும். அதனால்தான் சுவர் நடுவில் ஒரு மாடம் வைத்துப் பிள்ளையாரையும் உட்கார வைத்திருந்தார்கள். சுவரை இடிக்க ஆணை போடலாம், பிள்ளையாரை இடிக்க எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்?

சுவருக்கு அந்தப் பக்கம் குடிசைகள். எங்கள் வீட்டில் வேலை செய்த அம்மாவின் குடிசையும் அங்கேதான். மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் அவர் அடுப்பு வரை வரும். குடிசைக்குப் பதில் கான்கிரீட் வீடு கட்ட அரசு மானியம் கொடுத்த சமயம் அது. அந்த வீடுகளுக்குத் தடையாக இருப்பவற்றைச் சரிசெய்து பாதையும் வடிகாலும் போட நகராட்சிக்குத் தனி நிதியும் வந்திருந்தது. ஆனால் அணுகுசாலை இல்லாத மனைக்கு மானியம் கிடையாது. அவருடைய சாலை எங்கள் சுவரில் முட்டி நின்றது. அந்த ஆண்டுப் பட்டியல் முடிவதற்குள் சுவர் போகாவிட்டால் பட்டியலிலிருந்து அவர் பெயர் போய்விடும்.

“இன்னா சார் இது? எனக்குப் பட்டா கீது, ரோடு இல்ல. உங்க புள்ளையாருக்கு ரோடு கீது, பட்டா இல்ல” என்றார் அவர்.

மனு கொடுத்தேன், நினைவூட்டலும் கொடுத்தேன். பிள்ளையார் உட்கார்ந்திருக்கும் கோப்பைத் தொட யாருக்கும் துணிச்சல் இல்லை. சங்கக் கூட்டத்தில் விஷயத்தைக் கிளப்பினேன். செயலாளர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“திறந்து விட்டா செக்யூரிட்டி என்ன சார் ஆகிறது?”

“உங்க வீட்டுச் சாவியே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வேலைக்கு வர்ற அம்மாகிட்டதானே இருக்கு?” என்றேன். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார்.

“சரி சார், சாமியை எப்படி இடிக்கிறது?”

“யார் இடிக்கச் சொன்னது? பாலாலயம் பண்ணுங்க.”

கோயிலில் திருப்பணி நடக்கும்போது சாமியைத் தற்காலிகமாக வேறிடத்தில் எழுந்தருளச் செய்வார்களே, அதுதான். சாமி அங்கே போனபின் பழைய இடம் வெறும் செங்கல். குருக்களைக் கேட்டோம். “தாராளமா” என்றார். எந்த அலுவலகத்திலும் எனக்கு இவ்வளவு சீக்கிரம் ஒப்புதல் கிடைத்ததில்லை.

மாசி மாதத்தில் ஒரு காலை, குடிசைக்காரர்கள் வேப்பமரத்தடியில் போட்ட தகரக் கொட்டகைக்குப் பிள்ளையார் குடிபோனார். நகராட்சிக்காகக் காத்திருக்காமல் செயலாளரே முதல் கடப்பாரையைப் போட்டார். பேனாவை விடக் கனமாக எதையும் அவர் தூக்கி நான் பார்த்ததில்லை. சுவரைக் கட்டியவர்களே சுவரை இடித்தார்கள். என் பணிக்காலத்தில் எத்தனையோ உத்தரவுகளுக்கு வரைவு எழுதியிருக்கிறேன், ஒன்றும் இப்படிப் புழுதி கிளப்பியதில்லை. அந்தப் புழுதி படிந்த சட்டையை அன்று முழுவதும் நான் மாற்றவில்லை.

ஆய்வாளர் வந்து அளந்தார், பட்டியலில் அந்த அம்மாவின் பெயர் நின்றது, சாலைக்கு ஜல்லியும் கொட்டினார்கள். வீட்டுக்கான ஆணை மட்டும் ‘பரிசீலனையில்’ இருந்தது. சித்திரை போனது, வைகாசி போனது, ஆனி போனது. வீடு ஆரம்பிக்க நல்ல மாதங்களெல்லாம் போனபின் தபால்காரர், சுவர் இருந்த இடத்தைத் தாண்டி நேராகச் சைக்கிளில் போய் ஆணையைக் கொடுத்தார்.

“இந்த மாசத்துல யாராவது அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவாங்களா?” என்று அந்த அம்மாவின் தங்கை தடுத்தார்.

“ஏரி மாசம் பார்த்தா வருது? புள்ளையாரே தகரத்துக்கடியில கீறாரு, அவர் பார்த்துக்குவாரு. நீ மண்வெட்டிய எடு” என்றார் அந்த அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். “சார், இன்னிக்கு இன்னா தேதி? குறிச்சு வெச்சுக்கோ.”

குறித்துக்கொண்டேன். ஆடி ஒன்று.