புதுச்சேரியில் ‘பொழுதோட’ என்றால் எப்போது?

போன மாசியில் நானும் என் மனைவி பாவாயியும் ஆட்டையாம்பட்டியிலிருந்து புதுச்சேரிக்குப் போய் வந்தோம். அவள் தம்பி பழனிக்கு அங்கே ஒரு ஜவுளிக் கடையில் வேலை. முதலாளி அவனைச் சைகோன் கடைக்குக் கப்பலேற்றுகிறார், திரும்பி வர ஐந்து வருஷம் ஆகும் என்று தகவல் வந்தது. தாயில்லாத பிள்ளை, எடுத்து வளர்த்தவள் இவள். போகுமுன் ஒரு தடவை முகம் பார்த்துவிட வேண்டும் என்று சோறு தண்ணீர் இறங்காமல் இருந்தாள். எனக்கும் பிரெஞ்சுக்காரன் ஊரைச் செலவில்லாமல் சுற்றிப் பார்க்க ஆசை. வருகிறோம் என்று சொல்லியனுப்பிவிட்டுக் கிளம்பினோம்.

சேலத்தில் விடியற்காலை ரயில். மூன்றாம் வகுப்பே போதும். அயோத்தியாப்பட்டணத்தில் கூட்டம் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆத்தூர் வரை நான் ஒற்றைக் காலில் நின்றேன். விருத்தாசலத்திலும் விழுப்புரத்திலும் வண்டி மாற வேண்டும். எல்லையில் சுங்கக்காரர்கள் மூட்டையைக் குடைவார்கள். பாவாயி தம்பிக்காகச் சுட்டுக் கொண்டுவந்த கச்சாயத்தில் ஒன்றை எடுத்துத் தின்று பார்த்துவிட்டுத்தான் எங்களை விட்டார்கள். நல்ல ருசி என்று வேறு சொன்னார்கள்.

பொழுது சாயக் கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். பழனி இல்லை. கணக்குப்பிள்ளைதான் இருந்தார்.

“அவரு முதலாளியோட வில்லியனூர் போயிருக்காரு. காலையில அப்படியே கடல் பாலத்துக்கு வந்துடுவாரு. நாளைக்குத்தான் கப்பல். நீங்க பொழுதோட பாலத்தாண்ட வந்துடுங்க” என்றார்.

பாவாயிக்கு முகம் மலர்ந்தது. “அப்ப பகலெல்லாம் ஊரு பாக்கலாமுங்களா?” என்று என்னைக் கேட்டாள். சாயங்காலம்தானே, தாராளமாகப் பார்க்கலாம் என்றேன்.

தங்குவதற்குச் சத்திரம் இருக்கிறது. விளக்கெண்ணெய்க்கு ஓரணா கொடுத்தால் முகம் சுளிக்க மாட்டார்கள். மறுநாள் ஊரை நடந்தே பார்த்தோம். தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராக இருப்பதால் வழி தவறாது. ஆள் தள்ளும் புஷ்புஷ் வண்டியில் ஏறாதீர்கள், கால் இருக்கும்போது அது தண்டச் செலவு. பிள்ளையார் கோயிலில் கும்பிட்டுவிட்டு, மூன்றணாவுக்கு வயிறாரச் சோறு போடும் ஒரு கிளப்பில் உட்கார்ந்தோம். மீன் வாடை இல்லாத இடம் தேடி அரைமணி அலைந்தது தனிக்கதை. பாதிச் சாப்பாட்டில் எங்கேயோ நீளமாக ஒரு சங்கு ஊதியது.

“ஆலைச் சங்கு” என்று பாவாயிக்கு விளக்கினேன்.

“எத்தாப் பெரிய சத்தமுங்க!” என்று சொல்லிவிட்டு மோர் கேட்டு வாங்கினாள்.

வெயில் தாழ்ந்ததும் முகம் கழுவி, பூ வைத்து, கப்பலுக்குப் படகேறும் கடல் பாலத்துக்குப் போனோம். கயிறு சுருட்டிக்கொண்டிருந்த படகுக்காரர் ஒருவரைத் தவிர அங்கே ஆளில்லை.

“கப்பலா? அது நடுப்பகல்லயே சங்கூதிப் போயிடுச்சே” என்றார் அவர். “ஒருத்தரு கடைசிப் படகு வரிக்கும் ஏறாம நின்னாரு. ‘எங்கக்கா வாரேன்னு சொல்லியுட்டுருக்குதுங்க, வந்துருமுங்க’ன்னு சொல்லிக்கினே இருந்தாரு. மொதலாளி கத்தின பிறகுதான் படகுல எறங்கினாரு.”

கணக்குப்பிள்ளையிடம் போய்ச் சத்தம் போட்டேன். அவர் திகைத்துப் போனார். “பொழுதோடன்னா நேரங்காலத்தோட, காலையிலயே வாங்கன்னுதானே சொன்னேன்?” என்றார். எங்கள் பக்கத்தில் பொழுதோட என்றால் சாயங்காலம். அவரும் பொய் சொல்லவில்லை, நானும் தவறாகக் கேட்கவில்லை.

பாவாயி அழவில்லை. “சங்கூதறப்ப நான் சோறு தின்னுட்டு இருந்தனுங்களே” என்று மட்டும் சொன்னாள்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். மாசியில் போங்கள், வெயில் பரவாயில்லை. திரும்பும்போது புதுத் துணி இருந்தால் சுங்கத்தில் வரி கேட்பார்கள். யார் நேரம் சொன்னாலும் எத்தனை மணி என்று கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி பார்க்க வேண்டிய ஊர், அதிலும் கடற்கரை. எங்கள் தெருப் பெண்கள் கடல் எப்படி இருந்தது என்று வந்து கேட்கிறார்கள். “நான் பாக்கலீங்க” என்கிறாள் பாவாயி.