ஒரே துளையில் இரண்டு மைக்

எல்லோரும் அவளை மைக் செட்காரர் பெண்டாட்டி என்றுதான் சொல்வார்கள். உண்மையில் அவள் கணவருக்குத் தெரிந்தது வண்டி ஓட்டவும் பெட்டி தூக்கவும் மட்டும்தான். ஆம்ப்ளிஃபயரைப் பிரித்து மாட்டுவது, ஒயர் பற்றவைப்பது எல்லாம் பதினெட்டு வருஷமாக அவள் கைவேலை.

அன்று அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் ஆண்டுக் கூட்டம். தலைவரும் செயலாளரும் முகம் பார்த்துப் பேசி ஆறு மாதம் ஆகிறது. ஆளுக்கொரு மைக் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். ஆம்ப்ளிஃபயரில் மைக் சொருக இரண்டு துளைகள்தான். அதில் ஒன்று வண்டி குலுங்கிய குலுக்கலில் செத்துப்போயிருந்தது.

"ரெண்டு ஒயரையும் முறுக்கி ஒரே துளையில விட்டுடேன்," என்றார் கணவர்.

"சும்மா முறுக்கினா சரிவராதுங்க. ஒரு மைக்கை அணைச்சா ரெண்டும் செத்துடும். கொஞ்ச நேரம் குடுத்தா ஒழுங்கா பண்ணிடுவேன்."

"நேரமாச்சுண்ணே!" என்று செயலாளர் கணவரைப் பார்த்துக் கத்தினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கிச் சொருகினாள்.

தலைவர் முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, தன் மைக்கின் பொத்தானைத் தள்ளி அணைத்தார். செயலாளர் எழுந்து பேச ஆரம்பித்தார். வாய்தான் அசைந்தது, சத்தத்தைக் காணோம்.

"பாத்தீங்களா, வேணும்னே பண்றாரு!"

"நான் என்னய்யா பண்ணேன்?" என்று தலைவரும் எகிறினார்.

அவள் குறுக்கே போனாள். "சார், ரெண்டும் ஒரே இணைப்பு. அவர் அணைச்சா உங்களுதும்..."

"நீ இரும்மா. அண்ணே, என்னண்ணே இது?"

அண்ணன் திருதிருவென்று விழித்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொருகியிருந்த ஒயரைப் பிடுங்கினாள். கருவிப் பெட்டியோடு தரையில் உட்கார்ந்தாள்.

"பத்து நிமிஷம். யாரும் எதையும் தொடக் கூடாது."

பழைய ரேடியோ பலகை ஒன்றிலிருந்து ஒரே அளவில் இரண்டு ரெசிஸ்டர்களைக் கழற்றி, மைக்குக்கு ஒன்றாக ஒயரில் வைத்துப் பற்றவைத்தாள். இனி ஒன்று அணைந்தாலும் மற்றதை இழுத்துக்கொண்டு போகாது. "பொம்பளை கையில குடுத்துட்டு வேடிக்கை பாக்கறாரு," என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. அவள் நிமிரவில்லை.

ஸ்பீக்கரில் சத்தம் கொஞ்சம் குறைந்தது. கூட்டினால் வீலென்று கத்தியது. ஸ்பீக்கரை மைக்குகளுக்கு முகம் காட்டாமல் திருப்பி வைத்ததும் அடங்கியது. அதன்பிறகு ஒரு மணி நேரம் இருவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டது கடைசி வரிசை வரை கணீரென்று கேட்டது.

முடிந்ததும் செயலாளர் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்லவேளை, உங்களுக்குத் தொழில் தெரிஞ்சிருக்கு." அவர் சிரித்து வைத்தார்.

வண்டியில் ஏறியதும் அவள் வெடித்தாள். "என் பொண்டாட்டி பண்ணதுன்னு சொல்ல வாய் வரலையா?"

"சொன்னா நம்பவா போறாங்க?"

"நம்பலைன்னா போகட்டும். நீங்க சொல்லியிருக்கணும்."

அவர் வண்டியைக் கிளப்பினார். இரண்டு தெரு தள்ளி எலெக்ட்ரிக் கடை முன் வண்டியை நிறுத்தினார். "அந்தச் செத்த துளைக்கு என்ன வாங்கணும், சொல்லு."

சொன்னாள். போனவர் வேறு எதையோ வாங்கிக்கொண்டு வந்து நின்றார். தலையில் அடித்துக்கொண்டு அவளே இறங்கிப் போனாள்.