அக்கா வீட்டு மாடுகள்

வீட்டில் அவளுக்குப் பேர் 'சொட்டு'. கால்நடை ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "நாள் முழுக்க அங்க என்னதான் பண்றே?" என்று அத்தான் கேட்டார். "சின்னச் சின்னக் குழாய்ல சொட்டுச் சொட்டா ஊத்துவேன்" என்றாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பேர்.

அப்பா அம்மா போன பிறகு அவள் வளர்ந்தது அக்கா வீட்டில்தான். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. கறவை மாடுகளும் இவளும்தான் உலகம். இவள் சைக்கிள் பழகியபோது பின்னால் மூச்சிரைக்க ஓடி வந்தவர் அத்தான்.

அந்த வீட்டில் ஒருநாள் காலையில் கறந்த மாடுகள் மத்தியானத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. மூன்று போய்விட்டன, இரண்டை ஊசி போட்டுக் காப்பாற்றினார் மாட்டு டாக்டர். செத்த மாட்டை அறுத்துப் பார்த்துவிட்டு, "விஷச்செடி ஏதோ வயித்துக்குள்ள போயிருக்கு" என்றார். ஆனால் வயிற்றில் இருந்ததெல்லாம் தீவனம் நறுக்கும் இயந்திரத்தில் பொடியாகி, மாடு மென்ற பச்சைக் கூழ். எந்த இலை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதிலும் மிச்சத் தீவனத்திலும் கொஞ்சம் எடுத்து, வெளியூரில் சொட்டு வேலை செய்யும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்.

அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்து வீட்டுக் கோழிக்காரர்தான். மாட்டுக் கொட்டகைத் தண்ணீர் தன் பக்கம் ஓடி வருகிறது என்று அவர் எத்தனையோ தடவை சண்டைக்கு வந்தவர். அக்கா போலீசில் எழுதிக் கொடுத்தாள். தெருக்கடை அவரிடம் முட்டை வாங்குவதை நிறுத்தியது.

"இது எங்க அக்கா வீட்டுது மேடம், நான் செய்யலாமா?" என்று சொட்டு மேலதிகாரியிடம் கேட்டாள். "நீ செய். இன்னொருத்தரும் தனியாச் செய்யட்டும்" என்றார் அவர். இலை எவ்வளவு பொடியானாலும் அதனுள் இருக்கும் டி.என்.ஏ., செடியின் அடையாளத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். கழுவி, அரைத்து, பிரித்தெடுத்து, ஆய்வு இயந்திரத்தில் பல மடங்காக்கி, தெரிந்த செடிகளின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டாள். புல். சோளம். மூன்றாவதாக அரளி. இன்னொருவர் செய்ததிலும் அதுவே வந்தது.

அக்கா வீட்டுப் பின்கட்டு வேலி முழுக்க அரளி. "வேலிக்கு மொட்டை அடிச்சுட்டேன் சொட்டு, இடுப்பு போச்சு" என்று மாடு சாவதற்கு முந்தின வாரம்தான் அத்தான் போனில் சிரித்திருந்தார்.

அவளே நேரில் போனாள்.

"அரளிக்கா. தீவனத்துல கலந்திருக்கு."

"பாத்தியா! அவன்தான் கொண்டாந்து போட்டிருக்கான்!"

"யார் போட்டாங்கன்னு சோதனையில தெரியாதுக்கா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவளும் நிறுத்தத்தான் பார்த்தாள். அத்தான்தான் வாயைத் திறந்தார்.

"வெட்டினதை மெஷின் பக்கத்துல குவிச்சேன். காய்ஞ்சதும் எரிச்சுடலாம்னு. சோளத்தட்டையை வண்டிக்காரங்க அது மேலயே இறக்கிட்டாங்க." பிறகு, "காய்ஞ்சா விஷம் போயிடாதா?" என்றார்.

"போகாது அத்தான்."

தட்டையை அள்ளி இயந்திரத்தில் கொடுத்தது அக்கா. அதை யாரும் சொல்லவில்லை. அக்கா தங்கை பக்கம் திரும்பினாள்.

"இதைச் சொல்லத்தான் பஸ் ஏறி வந்தியா? ஒண்ணும் தெரியலைன்னு சொல்லியிருந்தா உன் தலையா போயிருக்கும்?"

"அந்த ஆளைக் கூப்பிட்டு ஸ்டேஷன்ல உக்கார வெச்சாங்களேக்கா."

அக்கா உள்ளே போய்விட்டாள்.

புகாரைத் திரும்பப் பெற்றார்கள். அத்தான் கோழிக்காரர் வாசலுக்குப் போனார்; சொட்டும் கூடப் போனாள். கதவைப் பாதி திறந்து முழுவதையும் கேட்ட கோழிக்காரர், "மாட்டைக் கொன்னவன் பொண்ணுன்னு சொல்றாங்களாம். எம்பொண்ணு பள்ளிக்கூடம் போக மாட்டேங்கிறா. அங்க போய்ச் சொல்லுங்க" என்றார்.

அத்தான் மறுநாளே பள்ளிக்கூடம் போய்த் தலைமையாசிரியையிடம் சொன்னார். கடையில் சொன்னார். கேட்டவர், கேட்காதவர் எல்லோரிடமும் சொன்னார். பழி பரவிய வேகத்தில் உண்மை பரவவில்லை. மழைக்காலம் வருமுன் கோழிக்காரர் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்.

அக்கா தங்கையோடு பேசுவது 'ம்', 'சரி' என்று சுருங்கியது. மிச்ச மாடுகளையும் விற்றார்கள். ஒரு வருஷம் போல ஆனபோது அக்காவிடமிருந்து போன்.

"ஒரு கன்னுக்குட்டி பாத்து வெச்சிருக்கேன். அவர் வேண்டாங்கிறார். நீ சொன்னாக் கேப்பார்."

போனாள். வேலி இருந்த இடத்தில் வெறும் கம்பி. அத்தான் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். அவள் எவ்வளவோ சொன்னாள்: இனி வாங்கும் தீவனத்தைத் தானே சோதித்துத் தருவதாகக்கூடச் சொன்னாள்.

"நீ சோதிப்பே சொட்டு. நான் ஒரு கைப் புல்லை எடுத்துப் போடணுமே. கை வர மாட்டேங்குது."

வாசலில் நின்று கேட்ட அக்கா கன்றுக்காரருக்குப் போன் செய்து, வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள்.