எருமைக்கு அடுத்த ஸ்டாப்பு

விருத்தாசலத்தில் தெருவோரம் சிலைகள் வைக்கும் குழுவை நடத்துபவள் நான். அந்த உரிமையில், நான் செய்த பீங்கான் கொக்குக்குக் கடைத்தெருவின் நட்டநடுவில் இடம் பிடித்துக்கொண்டேன். சிநேகிதி செய்த பீங்கான் எருமையை, அதே ரோட்டின் கோடியில் சாக்கடையோரத்துக்குத் தள்ளிவிட்டேன்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஷேர் ஆட்டோக்காரர், "எரும ஸ்டாப்பு எறங்குறவங்க எறங்குங்க!" என்று கூவினார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. என் கொக்கின் மூக்கில் யாரோ ஹெல்மெட்டை மாட்டியிருந்தார்கள்.

அந்தக் கொக்கின் அடியில் நின்றுதான் ஒருநாள் கணவருக்குப் போன் செய்தேன்.

"கொக்குகிட்ட நிக்கிறேன், வண்டிய எடுத்துகிட்டு வாங்க."

"எந்தக் கொக்கு?" என்றார், நான் கட்டிக்கொண்ட மனிதர்.

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்:

"எருமைக்கு அடுத்த ஸ்டாப்புங்க."