கொதிநீரில் கொட்டிய பப்பாளி விழுது

நெற்றியில் வழிந்த ரத்தத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டே வேங்கிக்காலை விட்டு அடி அண்ணாமலைப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். மதிய வெயில். பின்னால் ஒரு கல்யாண மண்டபம், அதில் யாரும் தின்ன முடியாத பிரியாணி, அதைச் சமைக்க வந்த மாஸ்டர். அவருடைய வலது கை அண்டா விளிம்பில் வெந்திருந்தது. அதற்குக் காரணம் அவருடைய எடுபிடியான நான்.

கிடா முற்றல். பப்பாளிக்காயை அரைத்துக் கறியில் பிசறி அரை மணி நேரம் ஊறவை என்று சொல்லிவிட்டு அவர் அரிசியைப் பார்க்கப் போனார். காயைத் துருவி அரைப்பதற்குள்ளேயே நேரமாகிவிட்டது. சூட்டில் எல்லாம் சீக்கிரம் நடக்கும் என்று நினைத்து, தளதளவென்று கொதித்த தண்ணீரில் விழுதையும் கறியையும் ஒன்றாகக் கொட்டினேன். பந்தியில் கறி ரப்பராக இழுத்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் தட்டை மாஸ்டர் முகத்தில் வீசினார். மாஸ்டர் நேராக வந்து இரும்புக் கரண்டியால் என் மண்டையில் அடித்தார்.

"நாளைக்கு இன்னொரு கல்யாண வீடு இருக்குடா. அங்கயும் இப்படி ஆச்சுனா என்னை எவன் கூப்புடுவான்?"

இரண்டாவது அடிக்கு ஓங்கியபோது தள்ளிவிட்டேன். கை அண்டாவில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

அடி அண்ணாமலையில் பழம் வெட்டி விற்கும் பெண் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். கல்லூரியில் உயிர்வேதியியல் படித்தவள். மண்டைக் காயத்தை விட்டுவிட்டு, தோலுரிந்து சிவந்திருந்த என் விரல்களைப் பார்த்தாள்.

"பப்பாளிப் பாலாண்ணா?"

நடந்ததைச் சொன்னேன். கறி முழுக்கப் புரதம்தான் என்றாள். ஒன்பதாவதோடு நின்ற எனக்குப் புரதம் என்றால் முட்டையும் பருப்பும்தான். அவள் கடையில் கிடந்த மணிச்சரத்தைக் கையில் எடுத்தாள். புரதம் இப்படி ஒரு நீளச் சரம். தானாகவே மடிந்து சுருண்டு ஓர் உருவம் எடுக்கும். பப்பாளிப் பாலில் இருக்கும் நொதியும் அப்படி மடிந்த சரம்தான். அதன் மடிப்பில் ஒரு பள்ளம் இருக்கிறது. கறியின் சரம் அதில் வந்து உட்கார்ந்தால் வெட்டுப்படும். வெட்டிவிட்டு நொதி அடுத்ததற்குப் போகும், தான் தேயாது. ஆட்டுக்கறி, ஆள் விரல் என்று பார்க்காது. கொதிநீரில் விழுந்தால் மட்டும் மடிப்பு குலைந்துவிடும், பள்ளமும் போய்விடும்.

"வெந்த முட்டைய மறுபடி பச்சை முட்டை ஆக்க முடியுமா? கறிய வெட்ட வேண்டிய கத்தியவே வேக வெச்சிட்டீங்க" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெந்த கையோடு மாஸ்டர் நாளைக்கு எப்படிக் கறி பிசறுவார் என்பதே மண்டைக்குள் ஓடியது.

விடிந்ததும் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். வலது கையில் கட்டு. இடது கையால் அறைந்தார். வாங்கிக்கொண்டேன்.

"ஊறினப்புறம்தான் அடுப்பு, மாஸ்டர். கொதிதண்ணில போட்டா அந்த விழுது செத்துப்போயிடுது."

"இதத்தான நேத்து நான் சொன்னேன். அப்ப காதுல என்ன வெச்சிருந்த?"

கறிச் சட்டியை என் பக்கம் நகர்த்தினார். பக்கத்தில் இரண்டு பப்பாளிக்காய். விரல்களில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு துருவ உட்கார்ந்தேன். விழுதைப் பிசறி அரை மணி நேரம் ஆகும்வரை அடுப்புப் பக்கம் போகவில்லை.