கறண்டுக்குப் பயந்தவன் கம்பி சுற்றிய கதை

போன ஞாயிற்றுக்கிழமை ரொக்ஸ்பரோவில் இருந்து யோகா போன் எடுத்தார். யோகா என் மனைவி மாலதியின் சிநேகிதி.

"அண்ணை, எங்கட ரைஸ் குக்கர் வேலை செய்யேல்லை. பின்னேரம் இருபது பேர் சாப்பிட வருகினம். ஒருக்கா வந்து பாப்பீங்களோ?"

போனோம். குக்கரின் அடித்தட்டைக் கழற்றி, மின்சாரம் அளக்கும் மீற்றரை வைத்துப் பார்த்தேன். சூடு அளவுக்கு மிஞ்சினால் தானாக அறுந்துபோகும் சின்ன பியூஸ் ஒன்று உள்ளே இருக்கும். அது அறுந்திருந்தது. என் பெட்டியில் அதே அளவில் ஒன்று இருந்தது. அரை மணித்தியாலத்தில் யோகா அரிசி கழுவப் போய்விட்டார்.

திரும்பி வரும் வழி முழுக்க மாலதி காரில் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"நீர் ஏன் சிரிக்கிறீர்?"

"யோகா உங்களை இஞ்சினியரைப் பாக்கிற மாதிரிப் பாத்தவ. பாவம், அவவுக்கு உங்களைத் தெரியாது."

உண்மைதான். உங்களுக்கும் தெரியாது. இத்தனை வாரமாக இந்தப் பக்கத்தில் எதையெல்லாமோ கதைத்திருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை... வெட்கம்தான் காரணம்.

நான் கறண்டுக்குப் பயந்தவன்.

மொன்றியலுக்கு வந்த முதல் வருடம், உடுப்புத் தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் அயன் பண்ணும் வேலை. ஒரு நாள் காலை அயன்பெட்டியைப் பிடித்தேன். கை ஒட்டிக்கொண்டது. கத்த நினைத்தேன், சத்தம் வரவில்லை. பக்கத்து மேசையில் நின்ற ஹெயிற்றிப் பெண் சப்பாத்துக் காலால் பிளக்கை உதைத்துக் கழற்றினார். அவர் இல்லாவிட்டால் இந்தப் பத்தியும் இல்லை.

'ஏன் அடித்தது?' என்று மேற்பார்வையாளரைக் கேட்டேன். தோளைக் குலுக்கினார். அடுத்த நாள் அந்த அயன்பெட்டியைக் காணவில்லை. விளக்கமும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு முப்பது வருடம் எங்கள் வீட்டில் பல்ப் மாற்றியது மாலதி. பிளக் மாற்றியது மாலதி. நான் என்ன செய்தேன்? ரெலிபோனைக் கையில் பிடித்தபடி நடையில் நின்றேன் — அம்புலன்ஸ் கூப்பிட. மகள் ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போது குடும்பத்தைப் பற்றிப் பிரெஞ்சில் ஒரு கட்டுரை எழுதினாள். 'என் அப்பா மழைக்குப் பயப்படமாட்டார், பனிக்குப் பயப்படமாட்டார், சுவரில் இருக்கும் ஓட்டைக்குப் பயப்படுவார்.' ரீச்சர் அதற்குக் கீழே ஒரு சிரிப்பு முகம் வரைந்திருந்தார்.

சரி, பயம் எப்படிப் போனது? சொன்னால் நம்பமாட்டீர்கள். புகையால்.

நான் நெடுநாள் சிகரெட்காரன். நாலு வருடத்துக்கு முன் இருமல் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. ஒட்டுகிற மருந்து, மெல்லுகிற கம் எல்லாம் தோற்றன. கடைசியில் மின்சிகரெட்டைப் பற்றி டொக்டரிடம் கேட்டேன். அவர் அளந்துதான் பேசினார். "சிகரெட்டை விடக் கேடு குறைவு. கேடே இல்லை என்று நினைக்காதீர்கள். இதைப் பிடித்துச் சிகரெட்டை விடுங்கள், பிறகு இதையும் விடுங்கள்."

வாங்கினேன். ஆனால் அதுவும் கறண்ட் சாமான் அல்லவா? சார்ஜில் போடுவது யார்? மாலதிதான். காலையில் ரீயும் மின்சிகரெட்டும் சேர்ந்தே வரும்.

உள்ளே கொயில் என்று ஒன்று இருக்கிறது. பஞ்சைச் சுற்றிய சின்னக் கம்பிச் சுருள். அது சூடாகித்தான் திரவத்தை ஆவியாக்கும். எனக்கு அது வாரத்துக்கு ஒரு தரம் கருகும். கருகினால் வாயில் எரிந்த துணியின் ருசி. அந்த நேரம் பார்த்துச் சிகரெட் ஞாபகம் வரும்.

வில்லரேயில் மின்சிகரெட் விற்கும் கடை ஒன்று. உள்ளே இருப்பது வெளியில் தெரியக்கூடாது என்பது இங்கே சட்டம், அதனால் கண்ணாடி முழுக்க வெள்ளைத்தாள். அங்கே நின்றவர் சில்வி. அறுபது வயது இருக்கும். இருபது வருடம் சலூன் வைத்திருந்து முடி சுருட்டியவர். அவர் பிரெஞ்சில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"கொயிலை நெடுக வாங்கிக்கொண்டிருக்காமல் நீங்களே சுத்துங்கோவன். தலைமயிர் சுருட்டுற மாதிரித்தான்."

"எனக்குக் கறண்ட் எண்டால் பயம்," என்றேன். முப்பது வருடத்தில் அந்நியர் ஒருவரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தரம்.

அவர் சிரிக்கவில்லை. பற்றரியை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது அஞ்சு வோல்ற்றும் வராது. உங்களுக்கு அடிக்காது. ஆனா பிழையாய்த் தொடுத்தால் சூடாகும், நெருப்பும் பிடிக்கும். அதாலை பயப்படுங்கோ. அளந்துபோட்டுப் பயப்படுங்கோ."

தீக்குச்சிப் பெட்டி அளவில், கம்பியின் மின்தடையை அளக்கும் ஒரு மீற்றர் தந்தார். ஒரு மெல்லிய ஸ்குறூட்றைவரின் தண்டில் கம்பியை ஆறு சுற்றுச் சுற்றினேன். இரண்டு நுனிகளையும் கருவியின் இரண்டு திருகாணிகளில் இறுக்கினேன். இதற்கே ஒரு மணித்தியாலம் போனது. மீற்றர் காட்டிய எண்ணைப் பார்த்துச் சில்வி இல்லையென்று தலையாட்டினார்.

"குறைவு. கம்பி எங்கையோ கருவியின்ரை உடம்பிலை முட்டுது. தேடுங்கோ."

தேடினேன். வெட்டாமல் விட்ட ஒரு நுனி, தூசி அளவுதான், உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெட்டினேன். எண் சரியாக வந்தது. பொத்தானை அழுத்தினேன். சுருளின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றி, மெதுவாக இரண்டு பக்கமும் பரவியது.

நான் சுற்றிய கம்பியில் மின்சாரம் ஓடியது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதன்பிறகு சனிக்கிழமைக் காலைகள் எல்லாம் குசினி மேசையில்தான். விதவிதமான கம்பி, பஞ்சு, குறடு. சுற்றுவது, அளப்பது, பிரிப்பது, மறுபடி சுற்றுவது. பற்றரியை நானே சார்ஜில் போட்ட அன்று மாலதி கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள்.

இங்கேயே கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜனவரியில் ஒரு நாள், ஜாரி வீதியில் பஸ்ஸுக்கு நின்றேன். ஜக்கெற் பையில் உபரிப் பற்றரி ஒன்று கிடந்தது. திடீரென்று இடுப்பில் சூடு. கையை விட்டால் நெருப்பைத் தொட்டமாதிரி. இழுத்துப் பனியில் எறிந்தேன். அது புஸ்ஸென்று ஆவி விட்டுப் புதைந்தது. உள்ளங்கை சிவந்துவிட்டது, ஜக்கெற் உட்துணி கருகிவிட்டது.

மறுபடி அதே அயன்பெட்டி. அதே தொழிற்சாலை. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு அலுமாரிக்கு மேல் தள்ளினேன். மாலதி கைக்கு மருந்து போட்டாள்.

"விடுங்கோ. இனி இது வேண்டாம்," என்றாள்.

மூன்றாம் நாள் தெப்பனரில் நின்றேன். இங்கே மூலைக்கடைக்கு அதுதான் பெயர். எனக்குப் பின்னால் இரண்டு பேர் வரிசையில். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய சிகரெட்டின் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எட்டு மாதம் தொடாத பெயர்... பால் ஒரு பை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பாலோடு நேரே சில்வியிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

"ஜக்கெற் பையிலை வேறை என்ன இருந்தது?" என்று கேட்டார்.

"வீட்டுத் திறப்பு," என்று சாவியை எடுத்துக் காட்டினேன்.

ஒரு தாளில் பற்றரியின் படத்தைக் கீறினார். மேலே ஒரு முனை. மற்ற எல்லாப் பக்கமும் அடுத்த முனை, அதற்கு மேல் மெல்லிய ஒரு உறை. உறை கிழிந்த இடத்திலும் மேல் முனையிலும் திறப்பு முட்டினால் இரண்டு முனையும் சேர்ந்துவிடும்.

"பிழை பற்றரியிலை இல்லை. உங்கட பையிலை." கொஞ்சம் கோபமாகவே சொன்னார். பிறகு ஒரு பிளாஸ்ரிக் பெட்டியை என் முன்னால் வைத்தார். "இனி இதுக்குள்ளை போட்டுத்தான் கொண்டு திரியவேணும்."

நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அயன்பெட்டி ஏன் அடித்தது என்று முப்பது வருடமாக எனக்குத் தெரியாது. இது ஏன் சுட்டது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. நான் இத்தனை காலம் பயந்தது கறண்டுக்கா, அந்த மேற்பார்வையாளர் குலுக்கிய தோளுக்கா?

யோசித்துப் பாருங்கள். நம்முடைய பயங்களில் பாதி, யாரோ பதில் சொல்லாமல் விட்ட கேள்விகள்தான்.

பெட்டியை அலுமாரியில் இருந்து இறக்கினேன். பெரிய மீற்றர் ஒன்று வாங்கினேன். மேசை லாம்பு, மகளின் ஹெட்போன், மாலதியின் கிறைண்டர் என்று ஒவ்வொன்றாகத் திறந்தேன். சுவருக்குள் இருக்கும் வயரில் கை வைப்பதில்லை. அதற்கு லைசென்ஸ் உள்ளவர் வரவேண்டும். பிளக்குக்கு இந்தப் பக்கம் இருப்பதே எனக்குப் போதும்.

புகை? திரவத்தில் நிக்கொற்றினைப் படிப்படியாகக் குறைத்தேன். பிறகு பூச்சியம். போன இலையுதிர்காலத்தில் ஒரு நாள், கொயிலைச் சுற்றி, அளந்து, எண் சரியாக வந்ததைப் பார்த்துவிட்டு, இழுக்காமலே வைத்துவிட்டேன். சுற்றுவதில்தான் ஆசை, இழுப்பதில் இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. டொக்டருக்குச் சந்தோசம்.

சில்வியிடம் போய்ச் சொன்னேன்.

"நல்லது. இனி இஞ்சை உங்களுக்கு வேலை இல்லை," என்றார். கை கொடுத்தார். பிறகு உள்ளே போய்ப் பழைய சலூன் ஹெயார் ட்றையர் ஒன்றைத் தூக்கி வந்தார். "எறிய மனம் வரேல்லை. பாப்பீங்களோ?"

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். குசினி மேசையில் வைத்துத் திருகாணியைக் கழற்றத் தொடங்கினேன். மாலதி அடுப்படியில் நின்றபடி கேட்டாள்.

"பிளக்கைக் கழட்டினீங்களோ?"

"அது இன்னும் சுவரிலை கொழுவவே இல்லையப்பா," என்றேன். ஆனாலும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டேன்.