வந்த பாலும் போன பாலும்

இந்த ஊரில் விடிந்து பார்த்தால் எங்கள் வாசல்படியில் இரண்டு பால் பாட்டில்கள் நிற்கின்றன. ஒன்று வந்த பால், மற்றது போகிற பால். வந்தது பசும்பால். பால்காரர் இருட்டோடு வந்து, கதவைத் தட்டாமல், யார் முகத்தையும் பார்க்காமல் வைத்துவிட்டுப் போய்விடுவார். நம் திண்டுக்கல்லில் மாட்டை வாசலுக்கே ஓட்டிவந்து, செம்பைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுக் கறந்தாலும் தண்ணீர் கலந்துவிட்டான் என்றுதான் சொல்லுவோம். இங்கே மாடு எந்தத் திசையில் நிற்கிறது என்றே தெரியாமல் நம்பிக் குடிக்கிறோம். அது இருக்கட்டும். போகிற பால் என்னுடைய பால். ஆஸ்பத்திரி வேன்காரர் வந்து தொப்பியைத் தொட்டு, "மார்னிங், லவ்" என்று சொல்லி எடுத்துக்கொண்டு போவார். ஒருநாள் அவர் அவசரத்தில் பசும்பாலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். என் வீட்டுக்காரர் கட்டிய கைலியோடு, காலில் செருப்பில்லாமல், "ராங் மில்க், ராங் மில்க்" என்று கத்திக்கொண்டு தெருமுனை வரை ஓடினார். தெருவில் ஒரு ஜன்னல் திரை பாக்கியில்லாமல் அசைந்தது. சரியான பால் எது என்று அவரிடம் யாரும் கேட்காமல் விட்டது அல்லாவின் கிருபை.

என் வீட்டுக்காரர் திண்டுக்கல் பேகம்பூரில் தோல்ஷாப்பில் தோல் பதனிட்டுக்கொண்டிருந்தவர். அதே வேலைக்குத்தான் இங்கிலாந்தின் வடக்கே இந்த ஊருக்கு வந்தார். பின்னால் மகன் காதரைக் கூட்டிக்கொண்டு நானும் வந்தேன். ஐந்தாவது வரை படித்தவள் எழுதுவது, குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நெடுநாள் கழித்து இங்கே எனக்கு மகள் மைமூன் பிறந்தாள். பிள்ளைக்குப் பால் கொடுத்து மிச்சமும் எனக்குப் பொங்கி வழிந்தது. எடை பார்க்க சைக்கிளில் வரும் நர்ஸம்மா அதைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில் குறைமாதப் பிள்ளைகள் கிடக்கின்றன, அவற்றின் தாய்மார்களுக்குப் பால் இல்லை, நீங்கள் தருவீர்களா என்று கேட்டார். தருகிறேன் என்று உடனே சொன்னேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். யார் யார் குடிக்கிறார்கள் என்று பேர் மட்டும் சொல்ல வேண்டும்.

நர்ஸம்மாவுக்கு இது விளங்கவில்லை. அந்தத் தாய்மார்கள் எனக்கு நன்றி சொல்லவேண்டும் என்று எதிர்பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, அவர்களுக்காகத் தானே என் கையைப் பிடித்துப் பலமுறை தேங்க்யூ சொன்னார். நான் மறுபடியும் பேரைக் கேட்டேன். அடுத்த தடவை வரும்போது ஒரு டப்பா பிஸ்கட் கொண்டுவந்தார். பிஸ்கட்டை வாங்கி வைத்துக்கொண்டு மறுபடியும் பேரைக் கேட்டேன். பேர் சொல்வது ஆஸ்பத்திரி வழக்கத்தில் இல்லை என்றார். பேர் தெரியாமல் கொடுப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. இதை அவருக்குச் சொல்வதென்றால், என் நாத்தனார் ஜொகராவின் பிரசவத்திலிருந்து அல்லவா ஆரம்பிக்கவேண்டும்?

காதர் பிறந்தது என் அத்தா வீட்டில், நிலக்கோட்டையில். நாற்பது நாள் கழித்துப் பேகம்பூருக்கு மாமியார் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பால் இப்படித்தான் பெருகிக் கிடந்தது. அதைக் கண்ட இடத்தில் கொட்டக்கூடாது, எறும்பு மொய்த்தால் மார் கட்டிக்கொள்ளும் என்று மாமி கொல்லையில் முருங்கை மரத்தடியில் ஊற்றச் சொல்வார். அந்த வருசம் முருங்கை காய்த்த காய்ப்பைத் தெருவே வந்து பார்த்தது. தோல்ஷாப்பில் சுண்ணாம்புத் தண்ணீர் கண்ணில் தெறித்தவர்களும், கண்வலி வந்தவர்களும் வாசலில் சங்கைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். பிள்ளைக்குப் பால் புகட்டுகிற அதே சங்குதான். நான் உள்ளே பீய்ச்சிக் கொடுப்பேன், மாமி வெளியே எடுத்துப் போய் வரிசையாக அண்ணாந்து நிற்கிறவர்கள் கண்ணில் சொட்டு விடுவார். ஒரு போலீஸ்காரர்கூடத் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். கண்ணில் விட்டால் ஒன்றும் இல்லை. வயிற்றுக்குள் போனால்தான் சங்கதி வேறு. எங்கள் மார்க்கத்தில், பால்குடிப் பருவத்தில் ஒரு பிள்ளை வேறொருத்தியிடம் ஒரு மிடறு குடித்தாலும் அவளுக்கு அது பிள்ளை, அவள் பிள்ளைகளுக்குக் கூடப்பிறந்தது மாதிரி. அவர்களுக்குள் கல்யாணம் கூடாது.

அந்தச் சமயத்தில்தான் ஜொகரா தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்தாள். பெண் பிறந்தது. மருத்துவச்சி தொப்புள்கொடி அறுக்கும் முன்னாலேயே மாமி சொல்லிவிட்டார், "எம் பேரனுக்குப் பொண்டாட்டி வந்துட்டா." அண்ணன் மகனுக்குத் தங்கை மகள், நல்ல முறை. பிறந்த வீட்டுக்கும் தனக்கும் கயிறு அறாமல் இருக்கும் என்று ஜொகராவுக்கும் அதில் சந்தோசம்தான். ஆனால் பிரசவத்தோடு அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு சொட்டுப் பால் ஊறவில்லை.

ஒரே வீடு, நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் என் ரவிக்கை எந்நேரமும் ஈரம். அந்தப் பக்கம் பிள்ளை பசியில் கத்துகிறது. அது கத்தும்போதெல்லாம் எனக்குத் தானாகச் சுரந்து வழியும், நான் கொல்லைக்கு ஓடி முருங்கைக்கு ஊற்றுவேன். பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுத்தார்கள், வயிற்றால் போனது. பக்கத்து வீட்டு அக்கா தாங்கமாட்டாமல் மாமியிடம் கேட்டே விட்டார்.

"ஏக்கா, கெணத்தை வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தண்ணிக்கு அலையிறீகளே. மருமகள ஒருவாய் குடுக்கச் சொன்னா என்ன?"

"குடுத்தா அது அவனுக்குத் தங்கச்சியாப் போயிரும். அப்புறம் நீயா பொண்ணு குடுப்ப?"

அக்காவுக்கு மூன்றும் ஆண் பிள்ளைகள். வந்த வழியே திரும்பிவிட்டார்.

பக்கத்து ஊர் அகரத்தில் துணி வெளுக்கிற மாடசாமி வீட்டில் கழுதை குட்டி போட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டு, என் வீட்டுக்காரரை அனுப்பி, கழுதையையும் குட்டியையும் மாடசாமியையும் சேர்த்துக் கூட்டிவரச் சொன்னார் மாமி. கழுதை வாசலில் நின்று நல்ல குணமாகப் பால் கொடுத்தது. கறந்து முடித்த மாடசாமி தன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "ஆத்தா, இங்கன கண்ணுக்குப் பால் ஊத்துறாகளாமே, எனக்கும் நாலு நாளா ஒரே உறுத்தல்" என்றார். மாமி உள்ளே வந்து என்னிடம் சங்கை நீட்டினார். ஆக, அன்றைக்கு எங்கள் வீட்டில் பிள்ளைக்குக் கழுதைப்பாலும் கழுதைக்காரருக்குத் தாய்ப்பாலும் கிடைத்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

கழுதைப்பாலும் பிள்ளைக்கு நிற்கவில்லை. என் வீட்டுக்காரர் மனசு கேட்காமல் பள்ளிவாசல் ஹஸரத்திடம் போய்க் கேட்டார். அவர், "பிள்ளை உயிர் முந்தியா, கல்யாணம் முந்தியா? குடுக்கச் சொல்லுங்க" என்றார். கூடவே, இவர் துருவிக் கேட்டதற்காக, இரண்டு பாலைக் கலந்தால் எது கூடுதலோ அதற்குத்தான் சட்டம் என்றும் சொல்லிவிட்டார். மாமி முதலில் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. பின்னால் சொன்னதைப் பிடித்துக்கொண்டார். சங்கில் முக்கால் கழுதைப்பால், கால் என் பால். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கழுதைப்பால் கூடுதலாக இருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்துப் புகட்டினார்.

"அப்ப அது கழுதைக்குல்ல புள்ளையாப் போவும், மாமி?" என்று கேட்டேன்.

"கழுதைக்குப் புள்ளையானாலும் ஆவட்டும். ஒனக்கு ஆயிறக் கூடாது."

அதையும் பிள்ளை கக்கியது. மாமி கொடுமைக்காரி என்று யாரும் நினைக்கவேண்டாம். ராவும் பகலும் அந்தப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு குர்ஆனில் யாசீன் ஓதியவர் அவர்தான். இரண்டு நாள் தாக்குப்பிடித்தால் ஜொகராவுக்குப் பால் வந்துவிடும் என்று நம்பினார். அதுவரை கண்ணெதிரே என் பால் வழிவதைப் பார்க்கத்தான் அவருக்கு முடியவில்லை. நிலக்கோட்டைக்குச் சொல்லியனுப்பி, என் அத்தாவை ஒரு கூடை மல்லிகை பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னார். மல்லிகையை மாரில் வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும்.

கூடை வருகிற அன்று பகல். நான் காதரைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ரவிக்கை காய்ந்து கிடந்தது. ஏன் காய்ந்திருக்கிறது என்று செத்த நேரம் எனக்குப் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

எழுந்து போனேன். ஜொகரா காய்ச்சலில் கண்ணை மூடிக் கிடந்தாள். பிள்ளை தொட்டிலில் வாயைத் திறந்து அழுதுகொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. பிஸ்மி சொல்லித் தூக்கினேன். முதலில் சப்பத் தெம்பில்லை. நானே வாயில் பீய்ச்சிவிட்டேன். தொண்டைக்குழி ஒருதரம் ஏறி இறங்கியது. அவ்வளவுதான், என் மகனுக்குப் பார்த்து வைத்த பெண் கைவிட்டுப் போனாள். அதற்கப்புறம் அவள் பிடித்த பிடியை விடவில்லை. ஜொகரா கண்ணைத் திறந்து, "மைனி" என்றாள். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

மாமி பூக்கூடையோடு உள்ளே வந்து கதவு நிலையிலேயே நின்றுவிட்டார். வீடெல்லாம் மல்லிகை வாசம். கூடை கீழே விழும் என்று நினைத்தேன், விழவில்லை. மெள்ள இறக்கி வைத்தார்.

"எத்தனை மொடக்கு?"

"எண்ணல மாமி."

சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார். பிள்ளை குடிக்கிற சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "தங்கச்சி ஆனது ஆயிட்டா. அரை வயித்தோட எதுக்கு ஆவணும். அந்தப் பக்கமும் போட்டுக் குடு" என்றார். வந்த பூவை வீணாக்காமல் தொடுத்து, மகள் தலையில் பாதியும் என் தலையில் பாதியும் வைத்துவிட்டார். அந்தப் பிள்ளைதான் ரஹீமா. என்னை அம்மா என்றும் பெற்றவளை ஜொகராம்மா என்றும் கூப்பிட்டு எங்கள் வீட்டிலேயே வளர்ந்தாள். நான் கப்பலுக்குக் கிளம்பிய அன்று காதரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "அண்ணே, அண்ணே" என்று அழுதவளும் அவள்தான். மாமி அதைப் பார்த்துவிட்டு முகத்தை முருங்கைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இந்தக் கதையெல்லாம் நர்ஸம்மாவுக்கு எப்படிச் சொல்வது? "மை சன், பேபி கேர்ள், மில்க், நோ மேரேஜ்" என்றேன். காதரை எட்டிப் பார்த்துவிட்டு, அவன் கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். அதோடு, நீங்கள் கவலைப்படவேண்டாம், எந்தப் பிள்ளைக்கு யார் பால் என்றே சொல்லமுடியாது, எல்லாத் தாய்மார் பாலையும் ஒன்றாகக் கலந்துதான் கொடுக்கிறோம் என்றார். பேர் கேட்கப் போய், ஊரே ஒரு சங்கில் வந்து நின்றது.

அன்று வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் முகம் மலர்ந்துபோனது.

"குடு புள்ள. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமக் குடு. இங்க வந்தவுக எல்லாரும், பய பெரியவனாகி வெள்ளைக்காரிய இழுத்துட்டு வந்துருவானோன்னு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்காக. நமக்கு அந்தக் கவலையே இல்லாமப் போச்சு. நாளைக்கி எவளையாச்சும் கூட்டியாந்தான்னா, டேய் அது ஓந் தங்கச்சிடான்னு சொல்லிறலாம்ல."

"ஊர் முழுக்கத் தங்கச்சியா?"

"கணக்குப் பாரு. நீ குடுக்குற குடுப்புக்கு ஊர் முழுக்கத்தான்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அங்கே ஒருத்தி இருந்தாள், தங்கச்சி ஆகிவிட்டாள். இங்கே பிறக்கிறவளெல்லாம் தங்கச்சி. என் பிள்ளை எந்த ஊரில் போய் நிற்பான்?

நான் தயங்குவதைப் பார்த்து நர்ஸம்மா ஒரு காரியம் செய்தார். பேர் சொல்லக் கூடாது, ஆளைக் காட்டலாம் என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கண்ணாடிப் பெட்டிகள். ஒன்றில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பிள்ளை. வாயைத் திறந்து அழுதது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் வரவில்லை. பேகம்பூர் தொட்டில் முன்னால் நிற்பதுபோல இருந்தது எனக்கு. சத்தம் கேட்காமலேயே கோட்டுக்குள் ரவிக்கை நனைந்துவிட்டது. நர்ஸம்மாவிடம், "பாட்டில் கிவ்" என்றேன். அவ்வளவுதான் நடந்தது.

அன்று முதல் துஆவில் ஒரு சங்கடம். தொழுது முடித்ததும் என் பால் குடித்த பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கேட்பது என் வழக்கம். காதர், ரஹீமா, மைமூன் வரை சரியாக வரும். அதற்கப்புறம் கையேந்தியபடி இருப்பேன், பேர் இல்லை. போன வாரம் பஸ்ஸில் பின் ஸீட்டில் ஒரு பிள்ளை வீறிட்டு அழுதது. எனக்கு வழக்கம்போல நனைந்தது. அதன் தாய் சின்னப் பெண், என்னைப் பார்த்து "ஸாரி" என்றாள். "அழுவட்டும் தாயி" என்று தமிழிலேயே சொன்னேன். அவள் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டி, "டேவிட், டேவிட்" என்று சமாதானம் செய்தாள். குறைமாதமாகப் பிறந்ததா, என் பால் குடித்ததா, ஒன்றும் தெரியாது. நம் தாவூது நபியின் பேரைத்தான் இவர்கள் அப்படிச் சொல்கிறார்கள் என்று மட்டும் தெரியும். பேர் ஒன்று கிடைத்துவிட்டது.

திண்டுக்கல்லில் மேற்கே பார்த்துத் தொழுதேன். இங்கே கிழக்கே பார்த்துத் தொழுகிறேன். நான் நடுப்பகலில் லுஹருக்கு நிற்கும்போது அங்கே பொழுது சாய்ந்து மஃரிபு நேரம். பேகம்பூர் வீட்டில் ரஹீமா மேற்கே பார்த்து நிற்பாள். நடுவில் மக்கா. அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், எதிரும் புதிருமாக நிற்கிறோம். காதர், ரஹீமா, மைமூன், தாவூது என்று சொல்லிக் கையை முகத்தில் தடவிக்கொண்டு எழுந்தால், முக்காட்டுத் துணியின் முன்பக்கம் நனைந்திருக்கிறது.